மருந்து ஆய்வில் இருக்கும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போனால்

தெரிந்தவர் ஒருவருக்காக ஒரு ஒப்புதல் படிவத்தின் தமிழைச் சரிபார்த்துக் கொடுத்தேன். புதிய மருந்து ஒன்றைச் சோதிக்கும் ஆய்வு, அதில் சேர வருபவர்கள் படித்துக் கையெழுத்துப் போட வேண்டிய படிவம், பத்துப் பதினைந்து பக்கம் இருக்கும். எத்தனை மில்லி ரத்தம் எடுப்பார்கள், பஸ் செலவுக்கு என்ன தருவார்கள் என்பதையெல்லாம் பத்தி பத்தியாக விளக்கியவர்கள் ஒரு விஷயத்தை மட்டும் ஒரே வரியில் முடித்திருந்தார்கள்: "ஆய்வுக் காலத்தில் நான் கருத்தரிக்க மாட்டேன் என்று உறுதியளிக்கிறேன்." கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு, கைரேகைக்கு ஒரு கட்டம்.

அந்த வரியை விட்டு நகர முடியவில்லை. மாதா மாதம் வந்துவிடுகிறேன் என்று ஒருத்தி உறுதி கொடுக்கலாம், மாத்திரையை முழுங்குகிறேன் என்றுகூடச் சொல்லலாம். கருத்தரிக்க மாட்டேன் என்று எதை நம்பி உறுதி கொடுப்பாள்? புருஷன், மாமியார், ஆஸ்பத்திரியில் கருத்தடை ஊசி இருப்பு, அவளுடைய உடம்பு என்று எத்தனையோ அதில் சேர்ந்திருக்கின்றன. இப்படி உறுதி கொடுத்துச் சேர்ந்த பெண்களில் பலர் ஆய்வின் நடுவிலேயே கர்ப்பமாகிறார்கள் என்பது ஆய்வு நடத்துகிறவர்களுக்கு நன்றாகவே தெரிந்த விஷயம். யார் ஆகிறார்கள், எதனால் ஆகிறார்கள் என்று உட்கார்ந்து கணக்குப் பார்த்தும் இருக்கிறார்கள். அந்தக் கணக்கைத்தான் முதல்முறை கேட்பவருக்குப் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், கர்ப்பம் என்றாலே ஆய்வுக்காரர்கள் ஏன் இப்படிப் பதறுகிறார்கள்? காரணம் தாலிடோமைட். 1957இல் மேற்கு ஜெர்மனியில் தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் விற்பனைக்கு வந்த மாத்திரை, கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் நல்லது என்று பல நாடுகளில் கொடுத்தார்கள். 1961 நவம்பரில் அங்கே திரும்பப் பெறுவதற்குள் கையும் காலும் முழுதாக வளராத பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் பிறந்துவிட்டார்கள், உலகம் முழுக்கப் பத்தாயிரத்துக்கு மேல் என்று சொல்கிறார்கள். அந்தப் பயம் போகவே இல்லை. 1977இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, பிள்ளை பெறக்கூடிய வயதுப் பெண்களை ஆரம்பகட்ட ஆய்வுகளில் சேர்க்கவே வேண்டாம் என்று வழிகாட்டியது. பெண்களைச் சேர்க்காமல் சோதித்த மருந்து பெண்களுக்கு எப்படி வேலை செய்யும் என்று எப்படித் தெரியும் என்ற கேள்வி வலுத்து, 1993இல் அந்தத் தடையை எடுத்தார்கள். எடுத்தார்களே தவிர, ஒரு நிபந்தனையையும் கூடவே வைத்தார்கள்: சேரலாம், ஆனால் கர்ப்பமாகக் கூடாது. நான் திருத்திய படிவத்தின் அந்த ஒரு வரி அங்கிருந்து வந்ததுதான்.

சரி, அப்படியும் ஒருத்தி கர்ப்பமாகிவிட்டால்? வழக்கமாக அன்றைக்கே ஆய்வு மருந்தை நிறுத்திவிடுவார்கள். அவள் தொடர்ந்து வருவாள், ரத்தம் கொடுப்பாள், பிறக்கும் குழந்தையையும் சில ஆய்வுகளில் கவனிப்பார்கள். ஆனால் மருந்து இல்லை. பல ஆய்வுகளில் பிரசவமோ கலைப்போ முடிந்து, தாய்ப்பாலும் நின்ற பிறகுதான் மறுபடி மருந்து, அதற்குள் ஆய்வே முடிந்துபோயிருக்கும்.

இது ஆய்வின் கணக்கையும் குலைக்கும். இங்கே ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும், "பெண்ணாண்டு" என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 பெண்களை ஒரு வருஷம் கவனித்தால் 100 பெண்ணாண்டு. 200 பெண்களை ஆறு மாதம் கவனித்தாலும் அதே 100 பெண்ணாண்டுதான். ஆய்வுகளில் எல்லாரும் ஒரே நாளில் சேர்வதில்லை, ஒரே நாளில் விலகுவதும் இல்லை என்பதால் தலையை எண்ணாமல் இப்படிக் காலத்தோடு சேர்த்து எண்ணுகிறார்கள். 100 பெண்ணாண்டுக்கு 10 கர்ப்பம் என்றால், நூறு பேரை ஒரு வருஷம் பார்த்தால் சுமார் பத்துப் பேர் கர்ப்பமாவார்கள் என்று பொருள். கர்ப்பமாகும் ஒவ்வொரு பெண்ணோடும் மருந்து சாப்பிட்ட காலம் என்ற கணக்கிலிருந்து பல மாதங்கள் கழிந்துபோகின்றன. நிறையப் பேருக்கு இப்படி ஆனால், மருந்து உண்மையிலேயே வேலை செய்தாலும் அதை நிரூபிக்கும் பலம் ஆய்வுக்கு இருக்காது.

இனி ஆப்பிரிக்காவுக்குப் போவோம். இந்தப் பிரச்சினை அதிகமாகத் தலைதூக்கியது அங்கே பெண்களிடம் நடந்த எச்.ஐ.வி. தடுப்பு ஆய்வுகளில்தான். தென் ஆப்பிரிக்கா, கென்யா, உகாண்டா, ஜிம்பாப்வே, மலாவி, ஜாம்பியா போன்ற நாடுகளில் 2000க்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. கிருமியைத் தடுக்கும் ஜெல், தினசரி மாத்திரை, பெண்ணுறுப்புக்குள் வைத்து மாதம் ஒருமுறை மாற்றும் வளையம் என்று பலவற்றைச் சோதித்தார்கள். யோசித்துப் பாருங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சோதிக்க எப்படிப்பட்ட பெண்கள் வேண்டும்? தொற்று வர வாய்ப்புள்ள பெண்கள். அதாவது இளம்வயது, அடிக்கடி உறவு, பெரும்பாலும் ஆணுறை இல்லாமல். கர்ப்பமாக வாய்ப்புள்ள பெண்களும் அவர்களேதான்! ஒரே கதவு வழியாக வைரஸ் வரலாம், கரு வரக் கூடாது என்றால் நடக்குமா? இந்த ஆய்வுகளின் அமைப்பிலேயே உள்ள முரண் இது, பாதிப் பிரச்சினை இங்கேயே தொடங்கிவிடுகிறது என்பது என் எண்ணம்.

இப்போது "ஆபத்துக் காரணி" என்ற சொல்லுக்கு வருகிறேன், பலரும் குழம்பும் இடம் இது. பெயரில் "காரணி" என்று இருப்பதால் அதுதான் காரணம் என்று நினைத்துவிடுகிறோம். அப்படி இல்லை. ஒரு கூட்டத்தில் யாருக்கு ஒரு விஷயம் அதிகமாக நடக்கிறது என்று காட்டும் அடையாளம், அவ்வளவுதான். நரைமுடிக்காரர்களுக்கு மாரடைப்பு அதிகம், எண்ணிப் பார்த்தால் உண்மைதான். அதற்காகத் தலைக்குச் சாயம் பூசினால் இதயம் சரியாகிவிடுமா? நரையும் மாரடைப்பும் இரண்டுமே வயதோடு வருகின்றன, நரைக்குப் பின்னால் வயது ஒளிந்திருக்கிறது. ஆய்வில் கர்ப்பமாகும் பெண்களைப் பற்றிய ஒவ்வொரு எண்ணையும் இந்த நரைமுடியை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

ஓர் ஆய்வை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஃபெம்-பிரெப் என்று பெயர். கென்யா, தென் ஆப்பிரிக்கா, தான்சானியா மூன்று நாடுகளிலும் 2,120 பெண்கள். எச்.ஐ.வி. இல்லாத பெண் தினமும் ட்ருவாடா என்ற மாத்திரை ஒன்று போட்டால் தொற்று வராமல் இருக்குமா என்பது கேள்வி. பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அதே மாதிரி தோற்றமுள்ள வெற்று மாத்திரை. சேர வேண்டுமென்றால் ஆணுறை மட்டும் போதாது, மாத்திரை, ஊசி போன்ற பலனுள்ள கருத்தடை முறை ஒன்றும் வேண்டும் என்று விதி. ஏற்கெனவே எதையாவது பயன்படுத்துபவர்கள் அதையே தொடரலாம், இல்லாதவர்களுக்கு அங்கேயே கொடுத்தார்கள்.

2011 ஏப்ரலில் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள், இரண்டு குழுவிலும் எச்.ஐ.வி. கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்திருந்ததுதான் காரணம். ஆனால் அன்றைக்கு இன்னொன்றும் பேச்சானது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் கர்ப்பமாகியிருந்தார்கள், அதுவும் கருத்தடை மாத்திரை எடுப்பதாகப் பதிவானவர்களிடம்தான் அதிகம். ஊசி போட்டவர்களிடம் மிகக் குறைவு. முதலில் சந்தேகம் மருந்தின் மேல் விழுந்தது: ட்ருவாடா கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கிறதோ?

பதில் ரத்தத்தில் இருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டபோது சுமார் 95 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். திருப்பிக் கொண்டுவந்த மாத்திரைகளை எண்ணியபோதும் கணக்கு ஏறக்குறைய சரியாகவே இருந்தது. ரத்தத்தைச் சோதித்தபோதோ, அண்மையில் மருந்து போட்டதற்கான தடயம் 40 சதவீதத்துக்கும் குறைவானவர்களிடமே. மீதி மாத்திரை எங்கே போனது என்று கேட்காதீர்கள். ஆய்வு மாத்திரையே இந்த நிலையில் என்றால், பக்கத்தில் இருந்த கருத்தடை மாத்திரை அட்டை மட்டும் தினமும் ஒழுங்காகக் காலியாகியிருக்குமா? ஆய்வு மருந்து வயிற்றுக்குள் போனதா என்று கண்டுபிடிக்க ரத்தத்தை லேபுக்கு அனுப்ப வேண்டியிருந்தது, கருத்தடை மாத்திரை போனதா என்பதை மாதா மாதம் சிறுநீர்ப் பட்டையில் விழுந்த இரண்டு கோடு தானாகவே சொல்லிவிட்டது.

அந்தப் பெண்களைப் பொய் சொன்னார்கள் என்று திட்டுவதற்கு இதைச் சொல்லவில்லை. ஒருத்தியின் இடத்தில் இருந்து பாருங்கள். ஆய்வு மையத்தில் நல்ல டாக்டர், இலவசப் பரிசோதனை, வந்துபோன நேரத்துக்கு ஒரு தொகை, மரியாதையாகப் பேசும் நர்ஸ். சேர வேண்டுமானால் கருத்தடை வேண்டும் என்கிறார்கள். ஊசி என்றால் அங்கேயே போட்டுவிடுவார்கள், அது உடம்பில் மூன்று மாதம் இருக்கும், மாதவிலக்கு தாறுமாறாகும், ஏன் என்று வீட்டில் கேட்பார்கள். மாத்திரை என்றால் அட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடலாம். கருத்தடையில் மனம் இல்லாமல் ஆய்வில் மட்டும் மனம் இருக்கும் ஒருத்தி எதைத் தேர்ந்தெடுப்பாள்? மாத்திரையைத்தான். ஆகவே "மாத்திரை எடுப்பவர்களுக்குக் கர்ப்பம் அதிகம்" என்ற வரிக்குப் பின்னால் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. தினமும் மறக்காமல் போட வேண்டியது மாத்திரை என்பது ஒன்று, ஆய்வுக்காக மட்டும் கருத்தடைக்குத் தலையாட்டியவர்கள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள் என்பது இன்னொன்று. நரையும் வயதும் மாதிரி.

இதை ஒட்டியே இன்னொரு காரணியும் வருகிறது, எனக்கு அதுதான் மிக முக்கியமாகப் படுகிறது: ஆய்வுக்கு முன்பே கருத்தடையில் இருந்தவளா, ஆய்வு வாசலில் தொடங்கியவளா? முன்பே ஊசி போட்டுக்கொண்டிருந்தவள் தன் தேவைக்காகப் போட்டவள், ஆய்வு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த ஊசிக்கு வருவாள். வாசலில் தொடங்கியவள் பாதி நேரம் ஆய்வுக்காகத் தொடங்கியவள். பக்கவிளைவு கொஞ்சம் வந்தாலும் விட்டுவிடுவாள், விட்டதை வெளியே சொல்லவும் மாட்டாள், ஏனென்றால் சொன்னால் ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்களோ என்ற பயம்.

முறைக்கு முறை எவ்வளவு வித்தியாசம் என்பதையும் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் பரவலாகப் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு. பாடப்புத்தகத்தில் சொன்னபடி கச்சிதமாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பது அதில் ஒரு பத்தி, சாதாரண மனிதர்கள் மறதியோடும் அவசரத்தோடும் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பது இன்னொரு பத்தி. இரண்டாவதைப் பார்ப்போம். எதுவுமே இல்லையென்றால் ஒரு வருஷத்தில் 100 பெண்களில் 85 பேர் கர்ப்பமாவார்கள். ஆணுறை மட்டும் என்றால் 13. கருத்தடை மாத்திரை என்றால் 7, ஊசி என்றால் 4. காப்பர்-டி என்றால் ஒன்றுக்கும் கீழே. கையில் தோலுக்கு அடியில் வைக்கும் தீக்குச்சி அளவு குச்சி, இம்பிளான்ட் என்கிறோமே, அது ஆயிரத்தில் ஒன்று. கச்சிதமாகப் போட்டால் மாத்திரையும் நூற்றில் ஒன்றுக்குக் கீழேதான் என்பதைக் கவனியுங்கள். அப்படியானால் ஒன்றிலிருந்து ஏழுக்குப் போகும் அந்தத் தூரம் முழுக்க மனித வாழ்க்கை: மறந்தது, ஊருக்குப் போனபோது அட்டையை எடுக்காமல் போனது, புருஷன் தூக்கி எறிந்தது. குச்சியிலும் காப்பர்-டியிலும் அந்தத் தூரம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, ஒருமுறை வைத்தால் வருஷக்கணக்கில் யாரும் எதையும் நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை.

ஊசியிலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. தென் ஆப்பிரிக்காவில் இரண்டு வகை ஊசி புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போட வேண்டும், மற்றொன்றை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. இரண்டு மாத ஊசிக்காரி வருஷத்தில் ஆறு முறை வரிசையில் நிற்க வேண்டும். ஆறில் ஒருமுறை தவறினால் போதும்.

மற்ற காரணிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவை ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. இளம்வயது மட்டும் ஏறக்குறைய எல்லாவற்றிலும் வருகிறது. 25க்குக் கீழே கரு உண்டாகும் திறன் அதிகம், கருத்தடையைத் தொடர்ந்து எடுக்கும் பழக்கம் குறைவு, துணையிடம் "ஆணுறை போடு" என்று சொல்லும் தைரியம் அதைவிடக் குறைவு. துணையோடு ஒரே வீட்டில் இருப்பது சில இடங்களில் கர்ப்பத்தைக் கூட்டுகிறது, சில இடங்களில் எதையும் மாற்றுவதில்லை. ஏற்கெனவே குழந்தை இருப்பதும் அப்படித்தான். ஒரு ஊரில் "இரண்டு போதும்" என்று நினைப்பவளைக் குறிக்கும், இன்னொரு ஊரில் பிள்ளை பெறும் வாழ்க்கைக்குள் வந்துவிட்டவளைக் குறிக்கும். ஓர் ஆய்வின் காரணியை எடுத்து இன்னொரு ஊரில் ஒட்ட முடியாது என்பதற்கு இதுவே உதாரணம். நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள மணமான பெண்களில் பாதிக்கும் மேல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இங்கே அப்படி ஓர் ஆய்வு நடந்தால் இரண்டு பிள்ளைக்காரிகளில் பலருக்குக் கர்ப்பம் வர வழியே இருக்காது, குழந்தை இல்லாத புதுமணப்பெண்தான் பட்டியலில் மேலே வருவாள்.

"எதிர்பாராத கர்ப்பம்" என்று சொல்கிறோமே, அதை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதும் அவ்வளவு நேரானது இல்லை. பொதுவாக இரண்டு வகையைச் சேர்த்துச் சொல்வார்கள்: வேண்டவே வேண்டாம் என்று இருந்தபோது வந்தது, வேண்டும்தான் ஆனால் இப்போது வேண்டாம் என்று இருந்தபோது வந்தது. உலகக் கணக்குப்படி 2015 முதல் 2019 வரை ஒவ்வொரு வருஷமும் சுமார் 12 கோடி கர்ப்பங்கள் இப்படிப்பட்டவை, மொத்தக் கர்ப்பங்களில் ஏறத்தாழ பாதி. ஆகவே இது ஏதோ ஆய்வுகளில் மட்டும் நடக்கும் விநோதம் இல்லை.

ஆய்வில் என்ன செய்வார்கள் என்றால், சேரும்போதே "அடுத்த ஒரு வருஷம், இரண்டு வருஷம் குழந்தை பெறும் எண்ணம் உண்டா?" என்று கேட்பார்கள். இல்லை என்றால்தான் உள்ளே விடுவார்கள். பிறகு வரும் கர்ப்பம் எல்லாம் எதிர்பாராதது என்ற கணக்கில் விழும். ஆனால் ஒரு வருஷம் என்பது ஒரு பெண்ணின் வாழ்க்கையில் நீண்ட காலம். பழைய துணை போய்ப் புதிய துணை வரலாம். லோபோலா என்கிற பரிசப் பணம் பேசி முடிந்து, "எப்போது பிள்ளை?" என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்க ஆரம்பித்திருக்கலாம். இருந்த குழந்தை இறந்திருக்கலாம். ஜனவரியில் "இல்லை" என்று மனதாரச் சொன்னவளே ஆகஸ்டில் "வந்தால் வரட்டும்" என்று இருப்பாள், அதைக் கேட்கப் படிவத்தில் இடம் கிடையாது. வேண்டும், வேண்டாம் இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய நிலப்பரப்பு இருக்கிறது, நம் வீடுகளிலும் பாதிப் பிள்ளைகள் அங்கிருந்து வந்தவர்கள்தானே. இதைப் பிடிக்க லண்டனில் ஆறு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை 2004இல் உருவாக்கினார்கள், ஆமாம்-இல்லை என்று கேட்காமல் மதிப்பெண்ணாகப் போடுவார்கள். அப்படிக் கேட்பதுதான் நேர்மை.

அப்புறம், ஆய்வில் கர்ப்பம் அதிகம் என்று சொல்லும்போது இன்னொன்றையும் கழித்துப் பார்க்க வேண்டும். வெளியே இருக்கும் பெண்ணுக்கு நாள் தள்ளிப்போய், அதுவும் பத்து நாள் பதினைந்து நாள் போனால்தான் சந்தேகம் வரும். ஆய்வில் இருப்பவளுக்கு மாதா மாதம் சோதிக்கிறார்கள். ஒட்டியும் ஒட்டாமலும் ஓரிரு வாரத்தில் தானாகவே கலைந்துபோகும் கருக்கள் நிறைய, வெளியே அவை "இந்தத் தடவை கொஞ்சம் தாமதமாக வந்தது, ரத்தப்போக்கு அதிகம்" என்பதோடு முடிந்துவிடும். ஆய்வில் அது ஒரு கர்ப்பமாகப் பதிவாகும். ஊரில் எடுக்கும் சர்வே எண்ணோடு ஆய்வின் எண்ணை அப்படியே வைத்து ஒப்பிடுவது, வலைபோட்டுப் பிடித்தவன் மீனையும் தூண்டில்காரன் மீனையும் எண்ணி எந்தக் குளத்தில் மீன் அதிகம் என்று சொல்வது மாதிரி.

மருந்தே காரணமாக இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு, அபூர்வம் என்றாலும் சொல்ல வேண்டும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிட்டு, கருத்தடை மாத்திரையின் ஹார்மோனை வேகமாகக் கரைத்துவிடும். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபின், ஃபெனிட்டாயின் போன்றவையும் அப்படியே. எச்.ஐ.வி. சிகிச்சையில் இருக்கும் எஃபாவிரென்ஸ் தோலடிக் குச்சியின் பலத்தையே குறைக்கிறது. இங்கே பெண் ஒரு நாள்கூடத் தவறாமல் இருந்தாலும் கர்ப்பமாகலாம். இதைச் சொல்லாமல் "நம்பகமான முறை" என்று மட்டும் படிவத்தில் எழுதுவது ஏமாற்றுவதற்குச் சமம், காப்பர்-டியில் ஹார்மோன் இல்லாததால் அதற்கு இந்தத் தொல்லை கிடையாது என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் என்ன குறைந்துவிடும்?

என்ன செய்தால் மாறுகிறது என்பதற்கும் நல்ல உதாரணம் இருக்கிறது. 2012 முதல் 2015 வரை மலாவி, தென் ஆப்பிரிக்கா, உகாண்டா, ஜிம்பாப்வே நாடுகளில் 2,629 பெண்களிடம் ஆஸ்பயர் என்ற ஆய்வு நடந்தது, டேபிவிரின் என்ற மருந்து ஊறிய வளையத்தைச் சோதித்தார்கள். முந்தைய ஆய்வுகளில் சூடுபட்டவர்கள் இந்த முறை கருத்தடைக்கென்றே தனிக்குழு ஒன்றை அமைத்தார்கள். ஆய்வு மைய நர்சுகளுக்கே காப்பர்-டி வைக்கவும் குச்சி வைக்கவும் பயிற்சி கொடுத்தார்கள். "அங்கே போய் வாங்கி வா" என்று சீட்டு எழுதி அனுப்பாமல், அதே அறையில், அன்றைக்கே. காப்பர்-டி என்றால் பேச்சுக்கும் எடுக்காமல் இருந்த மையங்களில் அதைக் கேட்டு வாங்கும் பெண்கள் கூடினார்கள். நிபந்தனையாக இருந்த ஒன்றைச் சேவையாக மாற்றியதுதான் வித்தியாசம்.

எக்கோ என்ற ஆய்வு இன்னும் தெளிவாகக் காட்டியது. எஸ்வாட்டினி, கென்யா, தென் ஆப்பிரிக்கா, ஜாம்பியா நான்கிலும் 7,829 பெண்கள், 2019இல் முடிவு வந்தது. கருத்தடை வேண்டும் என்று தாங்களே வந்த பெண்கள் இவர்கள். மூன்று மாத ஊசி, காப்பர்-டி, குச்சி மூன்றில் ஒன்று குலுக்கலில் கிடைக்கும். முக்கியக் கேள்வி வேறு, ஊசி எச்.ஐ.வி. அபாயத்தைக் கூட்டுகிறதா என்பது. ஆனாலும் கர்ப்பங்களை எண்ணினார்கள்: ஊசியில் 61, காப்பர்-டியில் 116, குச்சியில் 78, ஆக 255. ஏழாயிரத்து எண்ணூறு பேரில் இது மிகக் குறைவு. அந்த 255இலும் பத்தில் ஏழு, கொடுத்த முறையை நிறுத்திய பிறகு வந்தவை. அதாவது முறை தோற்றது குறைவு, முறையை விட்ட பிறகு ஏற்பட்ட இடைவெளியில் வந்ததே அதிகம். ஏன் விட்டாள், விட்ட அன்றைக்கு அடுத்த முறையை யாராவது கையில் கொடுத்தார்களா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

கர்ப்பமான பிறகு என்ன என்பதையும் விட்டுவிட முடியாது. தென் ஆப்பிரிக்காவில் 1996 சட்டப்படி 12 வாரம்வரை பெண் கேட்டாலே கலைக்கலாம். எல்லை தாண்டி ஜிம்பாப்வே, மலாவி போனால், இந்த ஆய்வுகள் நடந்த காலத்தில் சட்டம் இறுக்கமாக இருந்தது. ஒரே ஆய்வு, ஒரே படிவம், ஒரே வரி. அந்த இரண்டு கோடு விழுந்த அன்று இரண்டு பெண்களுக்கும் முன்னால் இருக்கும் வழிகள் வேறு வேறு.

கருத்தரிக்கவே கூடாது என்ற பிடிவாதத்துக்கும் ஒரு விலை உண்டு. கர்ப்பிணிகளை வெளியே வைத்தே சோதித்த மருந்து சந்தைக்கு வந்ததும் கர்ப்பிணிகள் அதைச் சாப்பிடத்தான் போகிறார்கள். 2018 மே மாதம் போட்ஸ்வானாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. டொலுடெக்ரவிர் என்ற நல்ல எச்.ஐ.வி. மருந்தைச் சாப்பிட்டபடியே கருத்தரித்த 426 பெண்களின் குழந்தைகளில் நான்கு பேருக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு, அதாவது மூளையோ தண்டுவடமோ கருவிலேயே சரியாக உருவாகாத குறை. வழக்கமாக ஆயிரத்தில் ஒன்று இருக்கும், இது நூற்றில் ஒன்றை நெருங்கியது. உடனே பல நாடுகளில் இளம்பெண்களுக்கு அந்த மருந்தே கிடைக்காமல் போனது, அல்லது கருத்தடை எடுத்தால்தான் தருவோம் என்றார்கள். எச்.ஐ.வி.யோடு வாழும் பெண்கள் அதே வருஷம் ருவாண்டாவின் கிகாலி நகரில் கூடி, எங்களுக்காக நீங்கள் முடிவெடுக்க வேண்டாம், தகவலைக் கொடுங்கள், நாங்கள் தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம் என்று அறிக்கை விட்டார்கள். அடுத்த வருஷம் 1,683 பிரசவங்களில் ஐந்து என்று எண் இறங்கியது, அதற்குப் பிறகு வித்தியாசமே மறைந்துபோனது. பயம் அடங்குவதற்குள் எத்தனை பெண்கள் சுமாரான மருந்தில் காலம் தள்ளினார்களோ.

2024இல் முடிவு வந்த பர்பஸ் 1 என்ற ஆய்வு வேறு மாதிரி நடந்தது. தென் ஆப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் 16 முதல் 25 வயதுவரை உள்ள பெண்கள், ஐயாயிரத்துக்கும் மேல். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசி கிடைத்த 2,134 பேரில் ஒருவருக்குக்கூட எச்.ஐ.வி. வரவில்லை என்பது உலகம் முழுக்கச் செய்தியானது. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்று: அந்த ஆய்வில் கருத்தடை கட்டாயம் இல்லை. நடுவில் கர்ப்பமான பெண்ணிடம் தெரிந்ததையும் தெரியாததையும் சொல்லி, "தொடர்கிறாயா?" என்று மறுபடி ஒருமுறை கேட்டுக் கையெழுத்து வாங்கினார்கள். தொடர்கிறேன் என்றவளுக்கு ஊசி தொடர்ந்தது.

நான் திருத்திய படிவத்தில் அந்த வரியை மாற்ற எனக்கு அதிகாரம் கிடையாது, தமிழைத்தான் பார்க்கச் சொன்னார்கள். ஓரத்தில் பென்சிலால் ஒரு குறிப்பு மட்டும் எழுதி அனுப்பினேன்: "கர்ப்பமானால் என்ன செய்வீர்கள் என்று இந்தப் பக்கத்தில் எங்கும் இல்லையே, விட்டுப்போய்விட்டதா?"